ஓர் எஞ்சினுக்கு எத்தனை வேலை?

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில், வன்னியின் உட்கிராமம் ஒன்றிலிருந்த விவசாயிகள் சங்கத்திற்கு மூன்று இயந்திரங்கள் கிடைத்தன. நீர் இறைக்கும் மெஷின் ஒன்று, சூடடிக்கும் மெஷின் ஒன்று, நெல் குற்றும் மெஷின் ஒன்று. மூன்றும் புதியவை. மூன்றும் டீசலில் ஓடுபவை. உதவி நிறுவனம் ஒன்று பணம் தந்தது. எவ்வகை மெஷின்கள் வேண்டும் என்ற பட்டியலில் கையொப்பமிட்டவர்கள் நாம். அன்று மாலை போட்டு, படம் எடுத்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பிரிந்தோம்.

அடுத்த மாசி மாதம் அறுவடை முடிந்து ஆறு குடும்பங்களின் நெல் சூடு வைக்கப்பட்டிருந்தது. சூடடிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் மெஷின் நின்றுவிட்டது. அழுக்கு டீசல் போய் எரிபொருள் பம்பின் உட்பாகம் இறுகிப் போயிருந்தது. கைக்குள் அடங்கும் ஒரு சிறு சாமான். வவுனியாவில் இல்லை. கொழும்பில் கேட்டால், அந்த வகை எஞ்சினுக்கு ஓடர் பண்ணித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். பத்தொன்பது நாட்கள் சென்றன. இடையில் மாசி மழை பெய்தது. சூட்டின் அடித்தட்டு நனைந்து நெல் முளைகட்டிவிட்டது. மிஞ்சியதை உழவு மெஷின் பிடித்து மிதிப்பித்து, அதற்கும் நெல்லாகவே கூலி கொடுத்தார்கள். விதைக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது.

இதில் எம்மை மிகவும் வருத்திய காட்சி வேறு. சூட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓலைக் கொட்டிலுக்குள், நீர் இறைக்கும் மெஷின் எந்தக் குறையுமின்றிச் சும்மா நின்றது. அதன் எஞ்சினைக் கழற்றி இதற்குப் பூட்டலாமா என்று கேட்டோம். பூட்ட முடியாது. அது பம்போடு ஒட்டிப் பிறந்தது போல ஒரே வார்ப்பில் இணைக்கப்பட்டிருந்தது. பெல்ற் போடுவதற்குச் சக்கரம் இல்லை. அடித்தளத் துளைகளும் பொருந்தவில்லை. நெல் குற்றும் மெஷினின் எஞ்சினோ மறுபக்கம் சுழல்வது. ஊர் மெக்கானிக் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுவாமி, மெஷின் மூண்டு வந்தது உண்மைதான். ஆனா ஒண்டின்ர சாமான் மற்றதுக்குப் போகாது. இது மூண்டு மெஷின் இல்லை, மூண்டு வில்லங்கம்.”

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எமக்குச் சில காலம் எடுத்தது. அதைப் படிக்கும் முயற்சியே இக்கட்டுரை.

பகிர்வில் இரண்டு வகை

‘ஓர் எஞ்சின், பல வேலை’ என்று சொல்லும்போது இரண்டு வேறு விடயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றோம். முதலாவது, ஒரே எஞ்சினைக் கழற்றி இன்று பம்பில், நாளை சூடடிக்கும் மெஷினில் என்று மாற்றிப் பூட்டுவது. இரண்டாவது, எஞ்சின்கள் பலவாக இருந்தாலும் அவை யாவும் ஒரே வகையாக இருப்பது. முதலாவது வகையில் முதலீடு மிஞ்சுகின்றது. இரண்டாவது வகையில் உதிரிப் பாகமும், மெக்கானிக்கின் அறிவும், காத்திருக்கும் நாட்களும் மிஞ்சுகின்றன. எமது அனுபவத்தில் ஏழை விவசாயிக்கு இரண்டாவதே பெரிய இலாபம். ஆனால் திட்ட முன்மொழிவு எழுதும்போது அதைப் பற்றி எவரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை. நாமும் எழுதவில்லை.

பெரிய உற்பத்தியாளர்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகரில் 1932ஆம் ஆண்டு பிராங் பேர்க்கின்ஸ் என்பவர் தொடங்கிய நிறுவனம் கார் செய்யவில்லை, ட்ராக்டர் செய்யவில்லை. டீசல் எஞ்சின் மட்டும் செய்து மற்றவர்களுக்கு விற்றது. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றின் பெயர் 3.152. மூன்று சிலிண்டர், 152 கன அங்குலக் கொள்ளளவு. பெயரே அளவைச் சொல்லும். எமது வயல்களில் முதியவர்கள் இன்றும் பாசத்தோடு பேசும் மஸி பேர்குசன் 35, 135 ட்ராக்டர்களுக்குள் ஓடியது இந்த எஞ்சின்தான். இதே குடும்பத்து எஞ்சின்கள் படகுகளிலும், மின்பிறப்பாக்கிகளிலும், சுமை தூக்கும் வண்டிகளிலும் ஓடின. சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் பேர்க்கின்ஸின் உரிமத்துடன் எஞ்சின்களைச் செய்தது. எனவே பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் பழுதடைந்த ட்ராக்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் சாமான் வந்தது. ஐம்பது வருடத்துப் பழைய மஸி இன்னும் உழுகின்றதென்றால் அதற்கு இரும்பின் தரம் ஒரு காரணம். பிஸ்டன் ரிங் எந்தப் பட்டினத்துக் கடையிலும் கிடைத்தது மற்றக் காரணம்.

கார்களிலும் இதே கதைதான். மொறிஸ் மைனர் காரில் 1952ஆம் ஆண்டு முதல் பூட்டப்பட்ட சிறிய பெற்றோல் எஞ்சின், 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருக்காக வந்தது. பின்பு 1959இல் வந்த மினி காரிலும், விளையாட்டுக் கார்களிலும், சிறு வான்களிலும் அதே வடிவம் சற்றுப் பெரிதாகியும் சிறிதாகியும் ஓடியது. 1960களில் அதை டீசலுக்கு மாற்றிச் சின்ன ட்ராக்டர் ஒன்றிலும் பூட்டினார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல், சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் பெரும்பாலும் இத்தகைய பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் தாம். அழுத்தம் குறைந்த, எளிய எஞ்சின் என்றபடியால் மண்ணெண்ணெயையும் ஒருவாறு சகித்துக்கொண்டது. புதிய யப்பான் கார்கள் வீட்டுக்குள் நின்றன. அக்காலத்தை நினைவுள்ள வாசகர்களுக்கு அந்தப் புகையின் மணம் இப்போதும் மூக்கில் இருக்கும்.

195 என்றால் என்ன?

இனி, சிறு விவசாயிக்கு நெருங்கிய எஞ்சினுக்கு வருவோம். ஆசியாவின் நெல் வயல்களில் மிகப் பரவலாகக் காணப்படும் எஞ்சின், படுக்கை நிலையில் ஒரே சிலிண்டர் கொண்ட சீன டீசல் எஞ்சின். அதில் பெயர் பெற்றது எஸ் 195 என்ற வகை. இங்கும் பெயரிலேயே விபரம் இருக்கின்றது. முதல் ‘1’ என்பது ஒரு சிலிண்டர். ‘95’ என்பது சிலிண்டரின் விட்டம் 95 மில்லிமீற்றர். பிஸ்டன் ஓடும் தூரம் 115 மில்லிமீற்றர். பாடசாலைக் கணிதம் தெரிந்த எந்தப் பிள்ளையும் கொள்ளளவைக் கணித்துவிடலாம். ஏறத்தாழ 815 கன சென்ரிமீற்றர் வரும். நிமிடத்திற்கு 2000 சுற்றில் 12 குதிரைவலு தரும். இப்படியே 175 என்றால் ஒரு சிலிண்டர், 75 மில்லிமீற்றர் விட்டம். 1100 என்றால் ஒரு சிலிண்டர், 100 மில்லிமீற்றர். இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்த இளைஞன் கடைக்காரனிடம் ஏமாற மாட்டான். கடையில் போய் ‘சைனா மெஷினுக்கு ரிங் தாருங்கோ’ என்று கேட்பவன் இரண்டு முறை பஸ் ஏற வேண்டி வரும்.

இந்த எஞ்சினை ஒரு தொழிற்சாலை மட்டும் செய்யவில்லை. ஒரே வடிவத்தைச் சீனாவின் பல மாகாணங்களிலுள்ள தொழிற்சாலைகள் செய்தன. ஜியாங்சு மாகாணத்தின் சாங்ஜோ நகரம் அவற்றுள் முக்கியமானது. அங்கு செய்யப்பட்ட டொங்பெங் 12 என்ற கைட்ராக்டரில் இது பூட்டப்பட்டது. தொழிற்சாலை வேறானாலும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே ஏற்பாடு. தரத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தது உண்மை. மலிவான கொப்பி ரிங் ஒரு போகத்துக்குள் தேய்ந்துவிடும். ஆனால் தேய்ந்ததை மாற்ற அடுத்த ஊர்ச் சந்தையே போதும்.

வடிவமைப்பையும் சற்று உற்றுப் பார்ப்பது பயன் தரும். சிலிண்டர் படுத்திருப்பதால் எஞ்சின் தாழ்வாக நிற்கும். கைட்ராக்டரின் முன்புறத்தில் பாரமாகவும் உதவும். பாரச் சக்கரம் வெளியே பக்கவாட்டில் இருக்கின்றது. அதில் பெல்ற் ஓடும் கப்பியைப் பூட்டலாம். அடியில் நான்கு போல்ற் கழற்றினால் எஞ்சின் தனியே வந்துவிடும். 195ஐத் தூக்க நாலு பேர் வேண்டும். 175 என்றால் இரண்டு பேர் போதும். குளிர்விக்க விசிறியோ, றேடியேற்றரோ, நீர்ப் பம்போ கட்டாயமில்லை. மேலே ஒரு தொட்டியில் நீர் நிற்கும். அது கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகும். நீர் குறைவதைக் காட்ட மிதக்கும் சிவப்புக் குமிழ் ஒன்று உண்டு. குமிழ் தாழ்ந்தால் ஒரு வாளி நீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். பற்றரி இல்லாமல் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யலாம். எந்த வேலைக்கென்றும் தீர்மானிக்காமல் செய்யப்பட்ட எஞ்சின் இது. எமக்குக் கிடைத்த பம்பு எஞ்சினோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வங்காளதேசத்தில் நடந்தது

இவ்வகை எஞ்சின் ஒரு நாட்டின் கிராமங்களை எவ்வாறு மாற்றும் என்பதற்கு வங்காளதேசம் நல்ல உதாரணம். 1980களில் அந்நாட்டு அரசு, தான் ஏற்றுக்கொண்ட சில எஞ்சின், பம்பு வகைகளை மட்டுமே இறக்குமதி செய்ய அனுமதித்தது. இதன் நோக்கம் கெட்டதல்ல. நாட்டுக்குள் நூறு வகை மெஷின் வந்தால் சாமான் கிடைக்காது, விவசாயி கஷ்டப்படுவான் என்பதே அதிகாரிகளின் நியாயம். நாம் மேலே சொன்ன அதே நியாயம். ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்டவை விலை கூடியவை. சிறு விவசாயி கிட்ட நெருங்க முடியவில்லை.

1988ஆம் ஆண்டில் பெருவெள்ளம் நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நிலத்தை மூடியது. உழவு மாடுகள் பெருமளவில் அழிந்தன. அடுத்த பயிரை எப்படிச் செய்வது என்ற நெருக்கடியில் அரசு கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, தீர்வையையும் குறைத்தது. சீனச் சிறு எஞ்சின்கள் வந்து குவிந்தன. விலை விழுந்தது. ஆழமற்ற குழாய்க் கிணறுகளில் டீசல் எஞ்சின் பூட்டி நீர் இறைப்பது நாடெங்கும் பரவியது. பின்னர் அவற்றின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. போரோ எனப்படும் வரட்சிக்கால நெல், முன்பு சிறு பங்காக இருந்தது, இன்று அந்நாட்டு அரிசி உற்பத்தியில் பாதிக்கும் மேல்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், கட்டுப்பாடு நீங்கியபின் நூறு வகை எஞ்சின் வந்து குழப்பம் ஏற்படவில்லை. விலையும் பாகமும் சேர்ந்து ஒரு சில சீன வடிவங்களையே எல்லோரும் வாங்கும்படி செய்தன. அதிகாரிகள் விரும்பிய ஒருமைப்பாட்டைச் சந்தை வேறு வழியாகக் கொண்டுவந்துவிட்டது. இதைச் சொல்வதனால் எல்லாவற்றையும் சந்தையிடம் விடலாம் என்று நாம் வாதிட வரவில்லை. எமது நாட்டுச் சின்ன வெங்காயச் செய்கையாளரைக் கேட்டால் சந்தையைப் பற்றி வேறு கதை சொல்வார். ஆனால் விவசாயி தன் காசில் வாங்கும்போது, சாமான் எங்கே கிடைக்கும் என்று முதலில் கேட்கின்றான். உதவி நிறுவனத்தின் காசில் நாம் வாங்கும்போது அக்கேள்வியை யாரும் கேட்பதில்லை.

வந்த எஞ்சின் பம்போடு நிற்கவில்லை. இறைப்பு தை முதல் சித்திரை வரை. அதன்பின் மழையும் வெள்ளமும். எஞ்சின் சும்மா நிற்குமா? அதைக் கழற்றி நாட்டுப் படகில் பூட்டினார்கள். பாயும் துடுப்பும் கொண்டு ஓடிய படகுகள் சில ஆண்டுகளுக்குள் ‘பட்பட்’ என்ற சத்தத்தோடு ஓடத் தொடங்கின. வேறு சிலர் கைட்ராக்டரில் பூட்டி அயலவர் நிலத்தைக் கூலிக்கு உழுதார்கள். அரை ஏக்கர் வைத்திருப்பவன் மெஷின் வாங்க வேண்டியதில்லை. வாங்கியவனின் உழவை மணிக்கணக்கில் வாங்கினான். நெல் குற்றவும், சூடடிக்கவும், கரும்பு பிழியவும் அதே எஞ்சின். பின்னர் பழைய பாகங்களோடு அதைச் சேர்த்து நொசிமன், கொரிமன் என்ற பெயர்களில் மூன்று சக்கர வண்டிகளும் செய்தார்கள். சரியான பிரேக் இல்லாத இந்த வண்டிகளால் விபத்துக்கள் பெருகி, நெடுஞ்சாலைகளில் அவற்றைத் தடைசெய்ய வேண்டி வந்தது. ஆனால் தார் காணாத ஊர் வழிகளில் நோயாளியும் உருளைக்கிழங்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது அவற்றில்தான்.

இதற்கு முன்னோடியான சம்பவம் ஒன்று வியட்நாமின் மெகொங் டெல்டாவில், 1960களின் தொடக்கத்தில், மி தோ பகுதியில் நிகழ்ந்தது. வள்ளங்களுக்கு நீண்ட தண்டும் காற்றாடியும் கொண்ட சிறு பெற்றோல் எஞ்சின்கள் அப்போது வந்திருந்தன. அதன் காற்றாடியை ஒரு குழாய்க்குள் வைத்து ஓட்டினால் வள்ளத்தைத் தள்ளுவதற்குப் பதில் நீரை மேலேற்றும் என்று அங்குள்ள கிராமத்தவர்கள் கண்டுபிடித்தார்கள். தகரக் குழாய் ஒன்றே புதிய செலவு. சில ஆண்டுகளில் டெல்டா எங்கும் பரவியது. எந்த ஆராய்ச்சி நிலையமும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பகலில் இறைத்த எஞ்சின் மாலையில் சந்தைக்கு வள்ளம் ஓட்டியது.

கப்பிக் கணக்கு

ஒரே எஞ்சின் இத்தனை வேலைக்கும் எவ்வாறு பொருந்துகின்றது? ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு வேறு வேகம் தேவை. அதைத் தருவது கப்பி. கணக்கு மிக எளிது: எஞ்சின் சுற்றை எஞ்சின் கப்பியின் விட்டத்தால் பெருக்கினால் வரும் தொகையும், மெஷினின் சுற்றை அதன் கப்பி விட்டத்தால் பெருக்கினால் வரும் தொகையும் சமம்.

எஞ்சின் 2000 சுற்று, கப்பி 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 10,000. சூடடிக்கும் மெஷினின் உருளை 600 சுற்றில் ஓட வேண்டுமென்றால் 10,000ஐ 600ஆல் பிரியுங்கள். ஏறக்குறைய 17 அங்குலக் கப்பி வேண்டும். நெல் குற்றும் மெஷின் 900 சுற்றென்றால் 11 அங்குலம். மின்பிறப்பாக்கிக்கு வந்தால் சற்றுக் கவனம் வேண்டும். எமது மின்சாரம் செக்கனுக்கு 50 அலை. நான்கு துருவப் பிறப்பாக்கி சரியாக 1500 சுற்றில் ஓடினால்தான் அது கிடைக்கும். கப்பி ஆறே முக்கால் அங்குலத்துக்குச் சிறிது குறைவு. ஏனைய மெஷின்களில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். இங்கு பிழைத்தால் மோட்டோரும் குளிர்சாதனப் பெட்டியும் கருகும்.

வேகம் பிழைத்தால் நெல்லும் சொல்லும். உருளை வேகமாக ஓடினால் மணி உடைந்து அரிசியாகத் தெறிக்கும். மெதுவாக ஓடினால் வைக்கோலோடு நெல்லும் போய்விடும். வைக்கோலைக் கையில் எடுத்து உதறிப் பார்க்கும் ஒரு கிழவியை எந்த அளவுகருவியும் வெல்லாது. இன்னொன்று: பெல்ற் ஓடும் இடத்தைத் தகரத்தாலோ கம்பி வலையாலோ மூடுங்கள். சாறத்தின் தலைப்பு, சேலை முந்தானை, பிள்ளையின் விரல் என்று நாம் பார்த்தவற்றை இங்கு எழுத மனம் வரவில்லை.

எமது ஊர்களில்

எமக்கும் இந்த மரபு புதிதல்ல. கைட்ராக்டரை எமது விவசாயிகள் இன்றும் லான்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றார்கள். அது முதலில் வந்த ஆங்கிலக் கம்பனி ஒன்றின் பெயர். கம்பனி போய், யப்பான் மெஷின் வந்து, சீன மெஷினும் வந்த பின்னும் பெயர் மாறவில்லை. லான்ட்மாஸ்டர் உழுகின்றது, பெட்டி பூட்டினால் நெல் மூட்டையும் விறகும் கல்யாண வீட்டுக் கதிரையும் ஏற்றுகின்றது. இடம்பெயர்ந்த காலங்களில் முழுக் குடும்பத்தையும் அதுவே சுமந்தது.

ஆனால் அதன் எஞ்சின் ஆண்டில் பல மாதம் ஓய்வாக நிற்கின்றது என்பதை நாம் கணக்கெடுப்பதில்லை. காலபோகத்துக்கு உழவு புரட்டாதி, ஐப்பசியில். சிறுபோக உழவு சித்திரையை ஒட்டி. இடையில் மார்கழியும் தையும் அது பெரும்பாலும் மாமரத்தடியில்தான் நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் எஞ்சின் வேறு விதமாக வந்தது. துலாவில் ஒருவர் ஏறி நடக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, விடியற்காலையில் தொடங்கிய இறைப்பு, 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் மெஷினுக்கு மாறியது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பெருகின. அதற்கொரு விலையும் இருந்தது. துலா மிதிப்பவனுக்குக் களைப்பு வரும். கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைக்கும். மெஷினுக்குக் களைப்பு வராது. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நன்னீருக்கு அடியில் உவர்நீர் இருக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அது மேலேறும். கரையோரக் கிணறுகள் சில உவரானதை மூத்தவர்கள் கண்ணால் கண்டவர்கள். வங்காளதேசத்திலும் வரட்சிக்கால இறைப்பினால் பல இடங்களில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது. மலிவான எஞ்சினைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பகிர்வு பொருந்தாத இடங்கள்

எஞ்சினை மாற்றி மாற்றிப் பூட்டும் முறைக்கு முதல் எதிரி நாட்காட்டி. வங்காளதேசத்தில் இறைப்பும் படகோட்டமும் வேறு வேறு மாதங்களில் வந்ததால் ஒரே எஞ்சின் போதியது. தை, மாசியில் வெங்காயத்துக்கு நீரும் இறைக்க வேண்டும், சூடும் அடிக்க வேண்டும் என்ற ஊரில் ஓர் எஞ்சினைப் பொதுவாக வைத்தால் சங்கத்துக்குள் சண்டைதான் வரும். அங்கே இரண்டு எஞ்சின் வேண்டும். இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும் என்பதே எமது வேண்டுகோள்.

இரண்டாவது, வலு. 12 குதிரைவலு எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர் டீசல் குடிக்கும். மூன்று குதிரைவலுவே போதுமான சிறு பம்பில் அதைப் பூட்டினால் அவ்வளவு குடிக்காது. ஆனால் இறைக்கும் ஒவ்வொரு லீற்றர் தண்ணீருக்கும் தேவைக்கு மேற்பட்ட எண்ணெய் போகும். கப்பி வேகத்தைத்தான் மாற்றும். பெரிய எஞ்சினைச் சிறியதாக்காது. ஆகவே ஊருக்கு இரண்டு அளவு, உதாரணமாக 175உம் 195உம், இருப்பது நியாயம். ஐந்து அளவும் ஏழு பெயரும் இருப்பது நியாயமல்ல.

மூன்றாவதை 2022ஆம் ஆண்டு எமக்குக் காட்டியது. அந்நியச் செலாவணி இல்லாமல் நாட்டில் டீசல் தட்டுப்பட்டபோது, கான்களோடு நாட்கணக்கில் வரிசையில் நின்ற விவசாயிகளை எல்லோரும் கண்டோம். எல்லா மெஷினும் ஒரே எண்ணெயில் ஓடும் ஊரில் அந்த எண்ணெய் நின்றால் உழவும் நிற்கும், இறைப்பும் நிற்கும், மீன் லொறியும் நிற்கும். பாகத்தில் ஒருமைப்பாடு நல்லது. எரிபொருளிலும் முழு ஒருமைப்பாடு என்றால் அதற்குள் ஆபத்தும் உண்டு. வயலுக்குக் கிட்ட மின்கம்பி வந்துள்ள இடங்களில் பம்பையாவது மின்சாரத்துக்கோ சூரிய சக்திக்கோ மாற்றலாம். வங்காளதேசமும் பின்னைய ஆண்டுகளில் அவ்வழியில் போகின்றது.

அந்தச் சங்கம் பின்பு செய்தது

வன்னிச் சங்கத்துக்குத் திரும்புவோம். அடுத்த கூட்டத்தில் எம்மைக் குறை சொல்ல அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. யாரும் சொல்லவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. மெக்கானிக் அண்ணை எழுந்து, ஊரில் எத்தனை லான்ட்மாஸ்டர் நிற்கின்றது என்று மட்டும் கேட்டார். எண்ணினார்கள்: பதினொன்று. அதில் ஒன்பதில் ஒரே வகை எஞ்சின். “அப்ப எங்கட எஞ்சின் எது எண்டு ஊர் ஏற்கனவே முடிவு செய்திட்டுது, சுவாமி. நாங்கள்தான் கேக்கேல்லை,” என்றார்.

சூடடிக்கும் மெஷினுடன் வந்த எஞ்சினை, பாகம் போட்டுத் திருத்திய பின், கிடைத்த விலைக்கு விற்றார்கள். அங்கிள் இரும்பை வெட்டி ஒட்டி, லான்ட்மாஸ்டர் எஞ்சினின் நான்கு துளைக்கும் பொருந்தும்படி ஓர் அடித்தளம் செய்தார்கள். கப்பியைக் கணக்குப் பார்த்து மாற்றினார்கள். அடுத்த அறுவடைக்கு இரண்டு உறுப்பினர்கள் தங்கள் எஞ்சினை முறைவைத்துக் கழற்றிக் கொடுத்தார்கள். எண்ணெயும் தேய்மானக் கூலியும் சங்கம் கொடுத்தது. முதல் நாள் பெல்ற் வழுக்கிக்கொண்டே இருந்தது. அடித்தளத் துளைகளை நீள்துளையாக வெட்டி எஞ்சினைப் பின்னுக்கு இழுத்து இறுக்கிய பிறகே சரிவந்தது. இரண்டாம் ஆண்டு நெல் குற்றும் மெஷினையும் அவ்வாறே மாற்றினார்கள். பம்பை மாற்ற முடியவில்லை. அது ஒட்டிப் பிறந்தபடியே இருந்து, ஒரு நாள் சாமான் கிடைக்காமல் பழைய இரும்புக்குப் போனது.

இன்று வன்னியில் பெரும்பாலான நெல்லை வெட்டு மெஷின் வயலிலேயே அடித்து மூட்டையாக்கிவிடுகின்றது. சூடு வைப்பதைக் காணாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஆயினும் உளுந்து, பயறு, கச்சான், குரக்கன் என்று சிறு மெஷின்களுக்கு வேலை இருக்கின்றது. தூளாக்கும் மெஷின், மா அரைக்கும் மெஷின், தும்பு அடிக்கும் மெஷின் என்று மகளிர் சங்கங்கள் கேட்கும் பட்டியல்களும் எமது மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

அடுத்த கூட்டத்தில் ஆராய

புதிய மெஷினுக்கு விண்ணப்பிக்குமுன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு தாளில் ஊரிலுள்ள எஞ்சின்கள் யாவற்றையும் எழுதுங்கள். தகட்டில் அடித்திருக்கும் இலக்கத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் ஓடுகின்றது, எந்த மாதத்தில் நிற்கின்றது? வாங்க எண்ணும் மெஷினின் எஞ்சின் தனியே கழருமா, அல்லது ஒட்டிப் பிறந்ததா? அது எந்தப் பக்கம் சுழல்கின்றது? அதற்கு ரிங், நொசில், கஸ்கற் மூன்றும் உங்களுக்கு மிகக் கிட்டிய பட்டினத்தில் இப்போது கடையில் இருக்கின்றனவா? விலை கேட்டு எழுதி வர ஓர் இளைஞரை அனுப்புங்கள். கூட்டத்திற்கு உங்கள் ஊர் மெக்கானிக்கையும் அழையுங்கள். அவர் உறுப்பினராக இல்லாவிட்டாலும் அழையுங்கள். கையொப்பமிடும் பேனாவை அவர் பேசி முடித்த பின்பு எடுங்கள்.